குவாண்டம் புள்ளிப் படலங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சில நானோமீட்டர் அளவே உள்ள குறைகடத்திப் படிகங்களான குவாண்டம் புள்ளிகளைப் பாலிமரில் கலந்து படலமாக்கி, அதன் ஒளியியல் பண்புகளை அளப்பது இன்று பல முதுகலை ஆய்வகங்களில் நடக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளில் அடிக்கடி எழுபவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம். டிவி பழுதுபார்க்கும் ஒருவரின் கேள்வியும் உண்டு.

கேள்வி: காட்மியம் செலினைடு குவாண்டம் புள்ளிகளை டொலுவீனில் வைத்திருக்கிறோம். கரைசலில் 550 நானோமீட்டரில் முதல் உட்கவர் உச்சி (ஒளியை அதிகம் விழுங்கும் இடம்) தெளிவாகத் தெரிகிறது. அதையே பி.எம்.எம்.ஏ. (அக்ரிலிக்) பாலிமரோடு கலந்து கண்ணாடி ஸ்லைடில் ஸ்பின் கோட்டிங் (சுழற்றிப் பூசுதல்) செய்தால், யூவி-விசிபிள் நிறமாலைக் கருவியில் வெறும் நேர்கோடுதான் வருகிறது. புள்ளிகள் அழிந்துவிட்டனவா?
(முதுகலை இயற்பியல் மாணவி, திருச்சி)

பதில்: இருட்டில் 365 நானோமீட்டர் யூவி டார்ச்சை அடித்துப் பாருங்கள். மங்கலாகவாவது பச்சை கலந்த மஞ்சளில் ஒளிர்ந்தால் புள்ளிகள் உயிரோடுதான் இருக்கின்றன. குறை இருப்பது ஒளி கடந்துபோகும் தூரத்தில். கரைசலை 1 செ.மீ. குவெட்டில் (கரைசல் வைக்கும் சிறு கலம்) அளந்தீர்கள். ஸ்பின் கோட்டிங் படலத்தின் தடிமன் சுமார் 200 நானோமீட்டர். அதாவது, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு தூரம்.

கணக்கைப் போட்டுவிடுவோம். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் பெங் குழு 2003-இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, 550 நானோமீட்டரில் உச்சி உள்ள காட்மியம் செலினைடு புள்ளியின் விட்டம் சுமார் 3 நானோமீட்டர். மோலார் உட்கவர் கெழு (புள்ளிகள் எவ்வளவு வலுவாக ஒளியை விழுங்கும் என்பதன் அளவு), லிட்டர்-மோல்-சென்டிமீட்டர் கணக்கில், சுமார் 1,10,000. 50 மைக்ரான் படலத்தில் அந்த உச்சியில் 0.1 அப்சார்பன்ஸ் (உட்கவர் அளவு) வேண்டுமானால், படலத்துக்குள் செறிவு சுமார் 180 மைக்ரோமோலார் இருக்க வேண்டும். எடையில் பார்த்தால் பாலிமரில் ஏறக்குறைய 0.8 சதவீதம். இதே செறிவோடு 200 நானோமீட்டர் படலம் போட்டால் கிடைப்பது 0.0004. கல்லூரிக் கருவிகளின் இரைச்சலே 0.001 அளவுக்கு இருக்கும். உச்சி தெரியாதது இயல்புதான்.

ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துப் பூச்சு போடலாமே என்று தோன்றும். அது நடக்காது. இரண்டாம் பூச்சின் டொலுவீன் முதல் பூச்சைக் கரைத்து எறிந்துவிடும். ஊற்றிக் காயவைக்கும் முறைக்கு மாறுங்கள்.

5 செ.மீ. சதுர அச்சில் 50 மைக்ரான் படலத்துக்கு 150 மி.கி. பி.எம்.எம்.ஏ. போதும். 1 கிராம் பாலிமரை டொலுவீன் சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்கி, மூடிய குடுவையில் 60 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்கக் கலக்குங்கள். இதில் 1.5 மி.லி. எடுத்தால் 150 மி.கி. வந்துவிடும். புள்ளிகள் வேண்டியது 22 நானோமோல். உங்கள் மூலக்கரைசலை நூறு மடங்கு நீர்க்கச் செய்து 1 செ.மீ. குவெட்டில் அளக்கும்போது 550-இல் 0.11 வந்தால், மூலக்கரைசல் 100 மைக்ரோமோலார். அதில் 0.22 மி.லி. சேர்க்க வேண்டும். உங்கள் அளவு வேறாக இருந்தால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கலக்கி, அச்சில் ஊற்றுங்கள். அச்சு வைக்கும் தட்டை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு ஊற்றுவது முக்கியம். சரிவு இருந்தால் ஒரு ஓரம் 30 மைக்ரான், மறு ஓரம் 70 மைக்ரான் என்று காயும்.

துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, ஃபியூம் ஹுட்டில் ஒரு நாள் விடுங்கள். பிறகு வெற்றிட அடுப்பில் 60 டிகிரியில் ஆறு மணி நேரம். அவசரப்பட்டு நேராக 110 டிகிரிக்குக் கொண்டுபோனால், உள்ளே சிக்கிய டொலுவீன் கொதித்துக் குமிழி விடும். படலம் கண்ணாடியிலிருந்து உரியாவிட்டால் தண்ணீரில் ஊறவிடுங்கள். ஓரத்திலிருந்து தானே பிரியும்.

அளக்கும்போது ஒப்பீட்டுக்கு வெறும் காற்றை வைக்காதீர்கள். பி.எம்.எம்.ஏ.வின் ஒளிவிலகல் எண் 1.49. ஒவ்வொரு பரப்பிலும் கிட்டத்தட்ட 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். இரு பரப்பும் சேர்ந்தால் 0.03 அளவுக்குப் போலியான அப்சார்பன்ஸ் வரும். நாம் தேடும் 0.1-இல் அது மூன்றில் ஒரு பங்கு. புள்ளி கலக்காத, அதே தடிமனுள்ள பி.எம்.எம்.ஏ. படலத்தையே ஒப்பீடாக வையுங்கள்.

கேள்வி: கலந்த கரைசல் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. காய்ந்ததும் படலம் பால்போல் வெளுத்துவிடுகிறது. புள்ளிகளில் ஒலியிக் அமிலம் ஒட்டியிருக்கிறது, பாலிமர் பி.எம்.எம்.ஏ. வேறு பாலிமர் மாற்ற வேண்டுமா?
(ஆய்வு மாணவர், கோவை)

பதில்: பாலிமரை மாற்றும் முன் ஒரு சோதனை. புள்ளி சேர்க்காத பாலிமர் கரைசலை அதே அறையில், அதே நேரத்தில் ஊற்றுங்கள். அதுவும் வெளுத்தால் காரணம் காற்றின் ஈரப்பதம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நுண்துளிகளாகப் படியும்; அத்துளிகள் இருந்த இடம் குழிகளாக நின்றுவிடும். குளோரோஃபார்மில் இது டொலுவீனைவிட மோசம். மழைக்காலத்தில் குளோரோஃபார்ம் படலம் போடுபவர்கள் உலர்த்தியுள்ள பெட்டிக்குள், சிலிக்கா ஜெல் வைத்துக் காயவிட வேண்டும்.

வெறும் பாலிமர் தெளிவாகவும் புள்ளி கலந்தது மட்டும் வெளுப்பாகவும் இருந்தால், புள்ளிகள் திரண்டுவிட்டன. ஒலியிக் அமிலத்தின் வெளிப்புறம் நீண்ட கார்பன் சங்கிலி, பி.எம்.எம்.ஏ.வோ எஸ்டர் தொகுதிகள் நிறைந்தது, முனைவுத்தன்மை உடையது. டொலுவீன் இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகும். அது ஆவியாக ஆவியாக எண்ணெயும் தண்ணீரும்போலப் பிரியும். காய்வதற்கு நேரம் கொடுக்கக் கொடுக்கத் திரளும் பெரிதாகும். தனியாக உள்ள 3 நானோமீட்டர் புள்ளி ஒளியைச் சிதறடிப்பதில்லை என்றே சொல்லலாம். ஆனால் ராலே சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். பத்து மடங்கு பெரிய திரள் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியைப்போலப் பத்து லட்சம் மடங்கு சிதறடிக்கும்.

திரட்சியைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே நிறமாலையில் பிடிக்கலாம். காட்மியம் செலினைடு புள்ளிகள் 700 நானோமீட்டருக்கு அப்பால் எதையும் உட்கவர்வதில்லை. அங்கே கோடு பூஜ்ஜியத்துக்கு வராமல் மேலே மிதந்தால், அது உட்கவர்தல் இல்லை, சிதறல். அப்பகுதியை லாக்-லாக் தாளில் வரைந்து சாய்வைப் பாருங்கள். சாய்வு மைனஸ் 4-ஐ ஒட்டி இருந்தால் திரள்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. மைனஸ் 2, மைனஸ் 1 என்று தட்டையானால் பெரிய கட்டிகள் வந்துவிட்டன.

இனி மருந்து. முதலில், புள்ளிகளைக் கழுவும் முறையைப் பாருங்கள். எத்தனாலோ அசிட்டோனோ ஊற்றி வீழ்படிவாக்கி மீண்டும் டொலுவீனில் கரைப்பதை இரண்டு, மூன்று தடவையோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் மேற்பரப்பிலுள்ள ஒலியிக் அமிலமே கழன்றுவிடும். திரட்சியும் கூடும், ஒளிர்வும் விழும். கழுவாமலே விட்டாலும் தொல்லைதான். மிஞ்சிய ஒலியிக் அமிலம் பாலிமரை இளக்கி, படலத்தைப் பிசுபிசுப்பாக்கும்.

அடுத்து பாலிமர். உங்கள் கேள்விக்கு விடை: ஆம், மாற்றலாம். பாலிஸ்டைரீன் ஓரளவு தேவலாம். நாங்கள் பரிந்துரைப்பது பாலி லாரில் மெத்தாக்ரிலேட். அதன் பக்கச் சங்கிலியில் 12 கார்பன்கள்; ஒலியிக் அமிலத்தோடு இயல்பாகக் கலந்துகொள்ளும். புள்ளிகளை நேரடியாக லாரில் மெத்தாக்ரிலேட் மோனோமரில் கரைத்து, அதனோடு சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்க 20 சதவீதம் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தாக்ரிலேட், வினையைத் தொடங்கிவைக்க 1 சதவீதத்துக்குக் குறைவாக ஏ.ஐ.பி.என். சேர்த்து, 70–75 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் இறுகும். சூடாக்கும் முன் கால் மணி நேரமாவது நைட்ரஜன் குமிழ விடுங்கள். ஆக்சிஜன் மிஞ்சினால் மேற்பரப்பு இறுகாமல் ஒட்டும். வினையில் உண்டாகும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) புள்ளியின் மேற்பரப்பையும் தாக்கும். அதனால் வெறும் காட்மியம் செலினைடு இதில் ஒளிர்வை இழக்கும். துத்தநாக சல்பைடு உறை போட்ட புள்ளிகள்தான் தாங்கும்.

கேள்வி: கரைசலில் ஒளிர்வு உச்சி 565 நானோமீட்டர், படலத்தில் 574. காயும்போது புள்ளிகள் வளர்ந்துவிட்டன என்று எழுதலாமா?
(ஆய்வு மாணவி, மதுரை)

பதில்: எழுதாதீர்கள். காட்மியம் செலினைடு படிகங்கள் வளர 200 டிகிரிக்கு மேல் வெப்பம் தேவைப்படுகிறது. 60 டிகிரி அடுப்பில் வளராது. வளர்ந்திருந்தால் உட்கவர் உச்சியும் கூடவே நகர்ந்திருக்கும். அதை முதலில் பாருங்கள். அது நகராமல் ஒளிர்வு மட்டும் நகர்ந்திருந்தால், இரண்டு காரணங்களைப் பிரித்தறிய வேண்டும்.

ஒன்று, மறு உட்கவர்தல். ஒளிர்வின் நீலப்பக்க ஓரம் அதே படலத்திலுள்ள மற்றப் புள்ளிகளால் விழுங்கப்படுகிறது. வெளியே வருவது சிவப்புப் பக்கம் மட்டும். மற்றொன்று, ஃபோர்ஸ்டர் ஆற்றல் மாற்றம். சிறிய புள்ளி தன் ஆற்றலை ஒளியாக உமிழாமலே பக்கத்திலுள்ள பெரிய புள்ளிக்குக் கொடுத்துவிடுகிறது. இது தூரத்தின் ஆறாம் அடுக்கில் வீழ்வதால் 5 முதல் 8 நானோமீட்டருக்குள் நெருங்கினால்தான் நடக்கும்.

மேலே சொன்ன 180 மைக்ரோமோலார் படலத்தில், புள்ளிகள் சீராகப் பரவியிருந்தால், சராசரி இடைவெளி சுமார் 21 நானோமீட்டர். 8 நானோமீட்டரையே எல்லையாகக் கொண்டாலும் பக்கத்துப் புள்ளி ஒன்றுக்குப் போகும் ஆற்றல் 1 சதவீதத்தைத் தொடாது. ஆகவே இந்தச் செறிவில் ஃபோர்ஸ்டர் விளைவு தெரிந்தால், அது புள்ளிகள் திரண்டதற்கான சான்று.

பிரித்தறியும் வழி எளிது. அதே செறிவில் பாதித் தடிமனுள்ள படலம் செய்து, முகப்பிலிருந்தே ஒளிர்வை அளங்கள். நகர்வு குறைந்தால் மறு உட்கவர்தல். தடிமனைக் குறைத்தும் நகர்வு அப்படியே நின்றால் ஆற்றல் மாற்றம். ஒளிர்வின் ஆயுளை அளக்கும் வசதி கிடைத்தால் ஐயமே வேண்டாம்: ஆற்றல் மாற்றம் இருந்தால் நீல ஓரத்தில் ஒளிர்வு விரைவாக அணையும், சிவப்பு ஓரத்தில் மெதுவாக அணையும்.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒளிரும் பிளாஸ்டிக் தகடு வைத்தோம். முகப்பைவிட ஓரங்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஓரத்தில் புள்ளிகள் அதிகம் சேர்ந்துவிட்டனவா?
(அறிவியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. புள்ளி எல்லாத் திசையிலும் ஒளியை உமிழ்கிறது. ஒளிவிலகல் எண் 1.49 என்றால் மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. அதைவிடச் சாய்வாகப் பரப்பைத் தொடும் ஒளி முழு அக எதிரொளிப்படைந்து உள்ளேயே ஓடும். இரு முகப்புகளின் வழியாகவும் சேர்த்து வெளியேறுவது 26 சதவீதம்தான். மீதி 74 சதவீதம் ஓரத்தை நோக்கிப் போகிறது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் சூரிய மின்கலத்தை ஒட்டி மின்சாரம் எடுக்கும் ஒளிர்வுச் செறிப்பிகள் இந்த 74 சதவீதத்தை நம்பித்தான் செய்யப்படுகின்றன. மாணவர்களுக்கு: தகட்டின் முகப்பில் உப்புத்தாளால் ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். அந்தக் கோடும் ஓரம்போலவே ஒளிரும். தகட்டில் காட்மியம் கலந்திருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்; தூசி கிளம்பும்.

கேள்வி: பி.வி.ஏ.வில் (பாலிவினைல் ஆல்கஹால்) காட்மியம் சல்பைடு உருவாக்கி, கண்ணாடி ஸ்லைடில் படலமாக்கி, உட்கவர்தலிலிருந்து ஆற்றல் இடைவெளியைக் கணிக்கும் டாக் வரைபடம் போட்டோம். ஆற்றல் இடைவெளி 4.1 எலெக்ட்ரான் வோல்ட். பருப்பொருளில் (நானோ அளவில் இல்லாத பெரிய படிகத்தில்) 2.42 தானே? குவாண்டம் விளைவு இவ்வளவு பெரிதாக வருமா?
(முதுகலை மாணவர்கள், நாகர்கோவில்)

பதில்: நீங்கள் அளந்தது காட்மியம் சல்பைடை அல்ல, கண்ணாடியை. 1240-ஐ 4.1-ஆல் வகுத்தால் 302 நானோமீட்டர். சாதாரண ஸ்லைடு ஒளியை அடைக்கத் தொடங்கும் இடம் ஏறக்குறைய அதுதான். படலத்தை உரித்துத் தனியாக அளந்தால் இந்தத் தடை போகும். அப்போதும் 280 நானோமீட்டர் அருகே ஒரு மேடு வரலாம். வணிகத்தில் கிடைக்கும் பி.வி.ஏ.வின் சங்கிலியில் அங்கங்கே எஞ்சியுள்ள கார்பனைல் தொகுதிகளால் வருவது அது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குவாண்டம் புள்ளிக்கு டாக் வரைபடமே பொருந்தாது. தொடர்ச்சியான ஆற்றல் பட்டைகள் இருக்கும் பருப்பொருளில்தான் அந்த நேர்கோட்டுக்குப் பொருள் உண்டு. புள்ளியில் ஆற்றல் மட்டங்கள் தனித்தனி. எந்த வளைவிலும் ஏதோ ஒரு பகுதி நேர்கோடுபோலத் தெரியும். அதில் அளவுகோலை வைத்து இழுத்தால் ஏதோ ஓர் எண் வரும். அந்த எண்ணை ஆய்வேட்டில் போடுவது வழக்கமாகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது. குவாண்டம் புள்ளிகளை முதலில் கண்ட எகிமோவ் கண்ணாடிக்குள் செம்புக் குளோரைடு படிகங்களிலும், புரூஸ் கரைசலில் காட்மியம் சல்பைடிலும் 1980-களின் தொடக்கத்தில் கவனித்தது, படிகத்தின் அளவு மாற மாற உட்கவர்தலும் நகர்வதைத்தான். அந்தப் பணிக்காக 2023-இல் பவெண்டியோடு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உங்கள் நிறமாலையில் 350-க்கும் 480-க்கும் இடையே தோள்போன்ற வளைவு இருக்கும். தெளிவாக இல்லையென்றால் இரண்டாம் வகைக்கெழு எடுத்து அதன் பள்ளத்தைக் குறியுங்கள். அது 400 நானோமீட்டரில் இருந்தால் ஆற்றல் 3.1 எலெக்ட்ரான் வோல்ட். முன்பு சொன்ன 2003 சமன்பாட்டின்படி விட்டம் சுமார் 3.4 நானோமீட்டர். தோளே இல்லாமல் வளைவு வழுக்கிக்கொண்டே போனால், அளவுகள் பரவலாக உள்ளன என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

கேள்வி: காட்மியம் இல்லாமல் ஒளிரும் படலம் செய்ய முடியுமா? மாங்கனீசு கலந்த துத்தநாக சல்பைடு முயன்றோம். யூவி டார்ச்சில் ஒளிரவே இல்லை.
(கல்லூரி ஆய்வக உதவியாளர், வேலூர்)

பதில்: டார்ச் 365 நானோமீட்டராக இருக்கும். துத்தநாக சல்பைடின் ஆற்றல் இடைவெளி பருப்பொருளிலேயே 3.6 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். அதாவது 340 நானோமீட்டருக்குக் கீழுள்ள ஒளியைத்தான் அது நன்றாக உட்கவரும். நானோ அளவில் அந்த எல்லை இன்னும் கீழே போகும். உயிரித் தொழில்நுட்பத் துறையில் டி.என்.ஏ. ஜெல் பார்க்கும் 302 அல்லது 312 நானோமீட்டர் விளக்கு இருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு அதில் வையுங்கள். 590 நானோமீட்டர் அருகே மாங்கனீசின் ஆரஞ்சு நிறம் வர வேண்டும். படலம் கண்ணாடியின் மேலே இருக்கட்டும். கண்ணாடி வழியாக அடித்தால் ஒளியின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

அளவுகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீத பி.வி.ஏ. கரைசல் 50 மி.லி.; துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 0.22 கிராம், மாங்கனீசு அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 12 மி.கி. இவை கரைந்ததும், 0.23 கிராம் சோடியம் சல்பைடு நோனாஹைட்ரேட்டை 10 மி.லி. நீரில் கரைத்து, வேகமாகக் கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். உலோகம் சற்றே மிஞ்சியிருக்கும்படி கணக்கிட்ட அளவு இது. ஃபியூம் ஹுட்டில்தான் செய்ய வேண்டும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். 9 செ.மீ. பெட்ரி தட்டில் 12 மி.லி. ஊற்றினால் 60–70 மைக்ரான் படலம் கிடைக்கும்.

பழுப்பு நிறம் வந்தால், மாங்கனீசு காரச் சூழலில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது. நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, நைட்ரஜன் செலுத்திய பின் பயன்படுத்துங்கள். சோடியம் சல்பைடு மஞ்சளாகியிருந்தால் புதிய புட்டி வாங்குங்கள். காய்ந்த படலத்தில் வெள்ளைப் பூ பூத்தால் அது சோடியம் அசிட்டேட். ஊற்றும் முன் டயாலிசிஸ் பையில் வைத்து நீக்கலாம். சேர்த்த மாங்கனீசு முழுவதும் படிகத்துக்குள் போகாது. துத்தநாக சல்பைடு மாங்கனீசு சல்பைடைவிட மிகக் குறைவாகக் கரைவதால் முந்திக்கொண்டு படியும். ஆய்வேட்டில் "5 சதவீதம் கலந்தது" என்று எழுதாமல், "கரைசலில் சேர்த்தது 5 சதவீதம்" என்று எழுதுவதே நேர்மை.

கேள்வி: குவாண்டம் டாட் டிவியில் பேக்லைட் எல்.இ.டி. பட்டையை மாற்றினேன். படம் மஞ்சளடிக்கிறது. இன்னொரு டிவியில் நான்கு ஓரமும் நீலமாகத் தெரிகிறது. இரண்டுக்கும் உள்ளிருக்கும் குவாண்டம் டாட் ஷீட்தான் காரணமா?
(டிவி பழுதுபார்ப்பவர், சேலம்)

பதில்: முதல் டிவியில் ஷீட் நன்றாக இருக்கிறது, நீங்கள் போட்ட பட்டை தவறு. இவ்வகை டிவியில் எல்.இ.டி. சுமார் 450 நானோமீட்டர் நீலம் மட்டும் தரும். பச்சையையும் சிவப்பையும் ஷீட்டிலுள்ள புள்ளிகள் தருகின்றன. மிஞ்சிய நீலம் சேர்ந்து வெள்ளையாகிறது. மஞ்சள் பாஸ்பர் பூசிய வெள்ளை எல்.இ.டி. போட்டால் நீலம் குறைந்துபோய் மஞ்சளடிக்கும். கழற்றிய பழைய பட்டையைப் பாருங்கள். சில்லின்மேல் மஞ்சள் பூச்சு இல்லையென்றால் நீல எல்.இ.டி. வாங்க வேண்டும்.

இரண்டாவது டிவியில் ஷீட்டைத் தனியே எடுத்து நீல விளக்கின்மேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் நீலம் மாறாமல் கடந்துவந்தால் அங்குள்ள புள்ளிகள் செத்துவிட்டன. ஷீட்டின் இரு முகப்பிலும் ஈரத்தையும் ஆக்சிஜனையும் தடுக்கும் படலம் உண்டு. வெட்டிய ஓரத்தில் கிடையாது. காற்று அங்கிருந்துதான் உள்ளே நுழைகிறது. அதனால் பெரிய ஷீட்டை வாங்கிச் சிறிய டிவிக்கு வெட்டிப் போட்டால், புதிய ஓரமும் நாளடைவில் இப்படியே ஆகும். ஷீட் ஓரம்வரை நன்றாக இருந்தால், அடுக்கிய வரிசையைப் பாருங்கள். ஒளியைப் பரப்பும் டிஃப்யூசருக்கு மேல் குவாண்டம் டாட் ஷீட், அதற்கு மேல் பிரிசம் ஷீட்டுகள். பிரிசம் ஷீட் நீலத்தைத் திருப்பித் திருப்பிக் கீழே அனுப்பி, புள்ளிகள் வழியாகப் பல தடவை போக வைக்கிறது. வரிசை மாறினால் அந்தச் சுற்று நடக்காது. திரை முழுக்க நீலம் தூக்கலாக நிற்கும்.

பழைய ஷீட்டுகளில் காட்மியம் இருக்கலாம். எரிக்காதீர்கள், மின்கழிவு எடுப்பவர்களிடம் தனியாகச் சுற்றிக் கொடுங்கள்.